மாஸ்டரின் உடல்தகுதிச் சான்றிதழ்

மாஸ்டருக்கு வெட்கம் அதிகம். கல்லூரி விடுதியில் முந்நூறு பெண்பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிற மனிதர், அடுப்படியில் சிங்கம். வருடத்துக்கு ஒருமுறை உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கும் நேரம் வந்தால் மட்டும் பூனையாகிவிடுவார். ரத்தம் கேட்டால் கொடுத்துவிடலாம். சிறுநீர் கேட்டால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துத் தொலைக்கலாம். சமையல்காரர்களிடம் சட்டம் கேட்பதோ மூன்றாவதை. அதைச் சின்ன டப்பாவில் போட்டு, மேலே தன் பெயரை எழுதி, நாலு பேர் பார்க்க ஏந்திக்கொண்டு போக வேண்டும்.

"செத்தாலும் போக மாட்டேன்," என்று முதல் வருடமே சொல்லிவிட்டார்.

அவர் மனைவி அதே ஊர் மருத்துவமனையில் லேப் வேலை பார்ப்பவள். ஊருக்கே அவள் லேப் அக்கா. சமையல்காரர்களின் டப்பாக்கள் அவள் மேஜைக்குத்தான் வரும். புருஷனின் மானத்தைக் காப்பாற்ற அக்கா ஒரு குறுக்குவழி பிடித்தாள். அவர் பெயர் எழுதிய டப்பாவில் தன்னுடையதைப் போட்டாள். தானே பரிசோதித்தாள். 'கிருமி இல்லை' என்று தானே எழுதினாள். ஐந்து வருடம் இப்படியே ஓடியது. சான்றிதழ் விடுதிச் சமையலறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அக்காவின் வயிறு நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு உண்மை எதுவும் இல்லை.

ஆறாவது வருடம் பார்த்து அக்காவுக்கு மலச்சிக்கல். வெந்நீர், பழம், விளக்கெண்ணெய் என்று எதற்கும் மசியவில்லை. கெடு மறுநாளோடு முடிகிறது.

"இந்த வருஷம் நீங்களே குடுத்துடுங்க. என்னால முடியலை."

"முயற்சி பண்ணினியா?"

"அஞ்சு நாளா வேற என்னங்க பண்ணிட்டிருக்கேன்?"

மாஸ்டர் வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார். நாலு காகிதம் சுற்றி, பைக்குள் பை வைத்துக் கொடுத்தார். வைரத்தைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அக்கா, அவர் கொடுத்ததிலிருந்து கிருமி வளர்க்க வைத்திருந்த கண்ணாடித் தட்டைத் திறந்து பார்த்தாள். சிவப்புத் தட்டில், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த குட்டிக் குட்டிப் புள்ளிகள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாள். டைஃபாய்டுதான். அதே வாரம் விடுதிப் பெண்கள் இரண்டு பேரின் ரத்தத்திலும் அவள் கண்டது இதே கிருமியைத்தான்.

டைஃபாய்டு, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. லேபில் உறுதியானால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலருக்குப் படிவம் போக வேண்டும். இந்த விஷயத்தில் அக்காவை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒரு படிவம்கூடத் தாமதித்ததில்லை. அதற்காகப் பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறாள். அந்தப் படிவத்தில் ஏழாவது கேள்வி: 'முந்தைய ஆண்டுகளின் பரிசோதனை யாரால், எப்போது?' அதற்கு உண்மையை எழுதினால் புருஷனின் வேலையோடு அவள் வேலையும் போகும்.

மாஸ்டருக்கு விஷயம் பிடிபடவே அரைமணி நேரம் ஆனது.

"கல்லு மாதிரி இருக்கேன். ஒரு தும்மல் உண்டா எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க. பித்தப்பையில அது பாட்டுக்குக் குடியிருக்கு. போயிட்டு வந்து கையைச் சரியாக் கழுவலைன்னா, சாப்பிடறவங்களுக்கு வரும்."

"என் கைமணம் யாருக்கு வரும்னு ஊரே சொல்லுதே!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குடும்பம் நடக்காது என்று அடக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு டப்பா தானேம்மா? பழையபடி உன்னுதை வச்சுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

வேடிக்கை என்னவென்றால், தட்டைப் பார்த்த பயத்திலேயே அவள் வயிறு அன்று காலை சரியாகிவிட்டிருந்தது. டப்பா இருந்தது, சரக்கும் தயார். அக்கா சத்தியமாக ஆசைப்பட்டாள். இரவெல்லாம் புரண்டாள். அவர் போய்ச் சேரவேண்டியது மருந்துக்கடைக்கு, அடுப்படிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டாள். மறுநாள் படிவத்தின் இருபத்துநாலு மணிக் கெடுவுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், ஏழாவது கேள்விக்கு நேராக 'பரிசோதித்தது அவருடையது அல்ல, என்னுடையது' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய கையோடு போய்த் தலைமை டாக்டரிடமும் சொன்னாள். டாக்டர் அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சுகாதார அலுவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"உங்களுதா?"

"என்னுது சார்."

"அஞ்சு வருஷமும்?"

"அஞ்சு வருஷமும்."

அலுவலர் நெற்றியைத் தேய்த்தார். "இந்த அஞ்சு வருஷத்துல விடுதியிலேர்ந்து முப்பத்தெட்டு கேஸ் நீங்களே அறிவிச்சிருக்கீங்க மேடம். நேரம் தவறாம. அதை நம்பி விடுதி ரோட்டுல தண்ணிக் குழாயை மூணு வாட்டி தோண்டினோம். பாவம், அந்தக் குழாய் மேல ஒரு தப்பும் இல்லை."

அடுத்து மாஸ்டர் பக்கம் திரும்பினார். ஒரு மாதம் மாத்திரை. பிறகு மூன்று தடவை அலுவலரின் கண்ணெதிரே மாதிரி கொடுக்க வேண்டும். மூன்றிலும் கிருமி இல்லை என்றால்தான் சமையலறை. "உங்க பேர் வெளியே போகாது. நோயாளி பேரை ரகசியமா வச்சுக்கணும்னும் சட்டம் இருக்கு. லீவுல இருக்கீங்கன்னு சொல்லிடலாம்."

மாஸ்டர் மெல்லக் கேட்டார். "முப்பத்தெட்டும் நம்ம பிள்ளைங்களா சார்?"

"ஆமா."

"அப்ப லீவுன்னு சொல்லாதீங்க. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்றிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இருவரும் விடுதிக்குப் போனார்கள். உள்ளே போகக் கூடாது என்பதால் மாஸ்டர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே நின்றுகொண்டார். தொண்டையைச் செருமினார். தன் வயிற்றில் இருக்கும் கிருமியைப் பற்றி, கை கழுவாத கதையைப் பற்றி, வெட்கப்பட்டுப் பெண்டாட்டியை மாட்டிவிட்டதைப் பற்றி எல்லாம் சொன்னார். ஒருத்தி வாயில் போட்டதைத் துப்பினாள். இன்னொருத்தி, இன்றைக்குச் சமைத்தது புது ஆள் என்று நினைவு வந்து மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். போன வருடம் டைஃபாய்டில் படுத்தவள்.

"நான் படுத்திருந்தப்ப தினமும் ரூமுக்கு சூப் கொண்டுவந்து குடுத்தீங்களே மாஸ்டர். அதுலயுமா?"

"சூப் கொதிச்சதும்மா," என்றார் மாஸ்டர். "ரொட்டியைத்தான் நான் கையால பிச்சுப் போட்டேன்."

"ஒரு வருஷப் பரீட்சை போச்சு மாஸ்டர் எனக்கு," என்றாள் அந்தப் பெண். "ஆனா அப்ப எங்க அம்மாகூட வந்து பாக்கலை. நீங்க மட்டும்தான் வந்தீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாஸ்டர் முந்நூறு பேர் பார்க்க அங்கேயே நின்று அழுதார்.