சகலை கேட்ட விலை

பழைய கார் விற்கும் அந்தக் கம்பெனியில் அவருக்குப் பெயர் டாக்டர். எஞ்சின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார் என்பதால் வந்த பட்டம். ஒரு வண்டியில் நூற்றைம்பது இடங்களைச் சோதித்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது தரச்சான்று பெற்ற வண்டி. பதினொரு வருடங்களில் அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தொண்ணூறு நாள் விற்காமல் நிற்கும் வண்டியை, வேலை செய்கிறவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அப்படி நிற்பது யாருக்கும் வேண்டாத வண்டியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறை நின்றது இரண்டு சீட்டு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். அது தானாக நிற்கவில்லை. கிடங்குக் கதவுக்குப் பின்னால், பெரிய வேன் ஒன்றின் மறைவில் டாக்டர்தான் அதை நிறுத்தி வைத்திருந்தார். தினமும் சோதனை ஓட்டம் என்ற பெயரில் ஒரு சுற்றுப் போய் வருவார். அந்த ஒரு சுற்றில் அவருக்குப் பத்து வயது குறையும். பாதி விலைக்கான பணம் பாங்கில் தயாராக இருந்தது. எண்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரே வாரம்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், வாய் சும்மா இருந்திருந்தால். போன ஞாயிறு மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சகலை தன்னுடைய புது மாடி வீட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். மச்சினியின் கணவன், டைல்ஸ் கடை முதலாளி. வெளியில் டாக்டர் அவனை 'நீங்க, வாங்க' என்பார். மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான். மாமியார் அவன் தட்டிலேயே திரும்பத் திரும்பப் பரிமாறியது டாக்டருக்குப் பொறுக்கவில்லை. தன்னிடமும் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே என்று அந்த மஞ்சள் வண்டியைப் பற்றி எடுத்து விட்டார். அது எப்படி உறுமும், எப்படி வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்று கை கால் ஆட்டிச் சொன்னார். சகலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

இதோ, இன்று காலை பத்து மணிக்கு வந்து நிற்கிறான்.

"அண்ணா, நீங்க சொன்ன வண்டி எங்க? ரெண்டு நாளா தூக்கமே வரல," என்றான்.

டாக்டருக்கு வயிற்றில் திகுதிகுவென்று எரிந்தது. மாடி வீடு இருக்கிறது, இரண்டு கடை இருக்கிறது, மாமியாரின் பெரிய கரண்டி இருக்கிறது. இந்த ஒன்றையாவது விட்டுவைக்கக் கூடாதா இவன்?

மேனேஜர் வேனை நகர்த்தச் சொல்லி வண்டியை வெளியே எடுத்தார். விலை நாற்பத்திரண்டு லட்சம் என்றார். சகலை முப்பத்தாறில் ஆரம்பித்தான். மேனேஜர் நாற்பத்தொன்றுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தரச்சான்று வண்டி சார். டாக்டர் கையெழுத்துப் போட்டது. இதுக்கு மேல குறைக்க இடமில்ல."

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுப் பேசலாமே," என்றான் சகலை.

சகலை ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். தினமும் தான் உட்காரும் சீட்டில் இன்னொருவன் உட்கார்ந்து, தன் கை பட்ட கியரை அவன் மாற்றுவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. அதிலும் நன்றாக வேறு ஓட்டினான். தடுமாறினாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிக்னலில் வண்டி நின்றபோது டாக்டரின் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"சகலை, சொந்தக்காரர்ங்கறதால சொல்றேன். கிளட்ச் போற நிலைமையில இருக்கு. வாங்கினா ஆறே மாசத்துல கையைக் கடிக்கும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சகலை அவரைத் திரும்பிப் பார்த்தான். "அப்படியா அண்ணா? நல்லவேளை சொன்னீங்க," என்றான்.

அவன் பயந்துபோய் இறங்கி, கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான் என்று டாக்டர் கணக்குப் போட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவரின் கணக்கு அது. வியாபாரிக்குக் குறை தெரிந்தால் பயம் வராது, தெம்பு வரும். மூலை உடைந்த டைல்ஸைக் காட்டி விலையைப் பாதியாக்கிப் பழகியவன் அவன். நேராக மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"கிளட்ச் சரியில்ல சார். ஓட்டும்போது தெரிஞ்சுது. முப்பத்தஞ்சுக்குக் குடுங்க."

மேனேஜர் வண்டியின் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். கிளட்ச் புதிதாக மாற்றப்பட்ட தாள். மாற்றியவர் டாக்டர். கீழே டாக்டரின் கையெழுத்து. அப்போதுதான் டாக்டருக்கே அது நினைவுக்கு வந்தது. எப்படியும் தனக்கு வரப்போகிற வண்டிதானே என்று, தேவையே இல்லாமல், ஆசை ஆசையாக அவரே மாற்றியது. நூற்றைம்பது இடங்களில் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். போயும் போயும் அதையா சொல்ல வேண்டும்?

"மாத்தி மூணு மாசம்கூட ஆகல. எப்படி சார் அதுக்குள்ள போகும்?" என்ற மேனேஜர் டாக்டர் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "நீங்களும் வண்டியில இருந்தீங்களே. கிளட்ச் போயிருக்கா? போயிருந்தா இந்தக் கையெழுத்து பொய். பொய்க் கையெழுத்து போட்டவர நான் ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டேன்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. போயிருக்கிறது என்றால் வேலை போகும். போகவில்லை என்றால், 'நீங்கதானே சொன்னீங்க' என்று சகலை கேட்பான். அப்போதும் வேலை போகும். பதினொரு வருட மரியாதை அந்த மேசை மேல் கிடந்தது.

சகலை அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தான். வியாபாரி, அவனுக்கு எல்லாம் புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. பிறகு கடகடவென்று சிரித்தான்.

"மாட்டிக்கிட்டேன் சார். விலையைக் குறைக்க நானா அடிச்சு விட்டது. அண்ணாவப் பார்க்காதீங்க, அவர் வாயே திறக்கல. நாற்பத்தொண்ணுக்கே எழுதுங்க."

ஒரு பெட்டி டைல்ஸுக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவன், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாள்களை நிரப்பிக்கொண்டே பேச்சு வாக்கில், "இன்னும் ஏழு நாள் போயிருந்தா டாக்டர் பாதி விலைக்கு எடுத்திருப்பார். அவருக்கு இது மேல ஒரு கண்ணு," என்றார்.

சகலையின் பேனா நின்றது. "அப்படியா அண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு வேணும்னா நான் எடுக்கல. நிஜமா சொல்றேன்."

சரி என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. எண்பத்து மூன்று நாள் ஆசை, தானாகக் கைக்கு வந்து நின்றது. ஆனால் அதை இவன் கையிலிருந்தா வாங்குவது? காலமெல்லாம் 'சகலை விட்டுக்கொடுத்த வண்டி' என்று அதில் உட்காருவதா?

"எனக்கா? ரெண்டு சீட்டு வண்டிய வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? கையெழுத்து போடுங்க," என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் கூடத் தடுமாறவில்லை. சாவியையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வழக்கப்படி வாசல்வரை போய் வழியனுப்பினார். சகலை கிளட்சைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. 'ஏன் இப்படிச் செய்தீங்க' என்று சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை; பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது, மனைவி வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள்.

"தங்கச்சி இப்பத்தான் போன் பண்ணா. நீங்க பார்த்துச் சொன்ன ஒரே காரணத்துக்காக, பேரமே பேசாம வண்டிய எடுத்தாராமே? அண்ணா வார்த்தைன்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னு எங்க அம்மாகிட்ட சொன்னாராம். அம்மாவுக்கு உங்களப் பத்தி எவ்வளவு பெருமை தெரியுமா?"

டாக்டர் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்தார். இத்தனை வருடம் அவனுடைய வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார், கடையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார், காலையில்கூட வண்டியைப் பார்த்து வயிறெரிந்தார். அதெல்லாம் பணம் சேர்ந்தால் என்றைக்காவது தானும் வாங்கக் கூடியவை என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. இன்று அவன் செய்ததைத் தன்னால் செய்திருக்க முடியுமா என்று யோசித்தார். முடியாது என்று நன்றாகத் தெரிந்தது. முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"காபி போடட்டுமா?" என்றாள் மனைவி.

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.