ரிமந்தாஸின் வலது கை

உலகக் கூடைப்பந்து வரலாற்றிலேயே ஒரு ஃபவுல்கூடச் செய்யாத ஒரே வீரர் ரிமந்தாஸ் யுர்கெலிஸ். இதைச் சொன்னவரும் ரிமந்தாஸ்தான். விசில் அடித்தால், ஃபவுல் செய்தவர் கையைத் தூக்க வேண்டும், ஸ்கோர் மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்வரை இறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. லிதுவேனியா, கிரீஸ், இத்தாலி என்று ஆடி ஓய்வு பெறும்வரை அவர் கை மேலே போனது பந்துக்காக மட்டுமே.

“கை தூக்குறவனெல்லாம் டீச்சர்கிட்ட ஒண்ணுக்குப் போகக் கேக்குற பயலுக,” என்பார்.

முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. மனைவியும் போய்விட்டாள். குரல் மட்டும் கெடாமல் இருந்தது. உதேனா நகர அரங்கில் மகள் ஔஸ்தேயா ஆடும்போதெல்லாம் அந்தக் குரல் நடுவர்களின் கண், காது, வம்சம் எல்லாவற்றையும் விசாரித்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த மகள், பீட்ரூட் குளிர்சூப்பைக் கிண்டியபடியே சொன்னாள்: “அப்பா, இன்னைக்கு ஒரு வார்த்தை கத்துனாலும் இனிமே என் ஆட்டத்துக்கு வராதீங்க. நானும் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்.”

“தப்பு நடுவர் மேலம்மா.”

“அம்மா உங்கள விட்டுட்டுப் போனதுக்கும் நடுவர்தான் காரணமா?”

அவர் வெந்த உருளைக்கிழங்கை ரொம்ப நேரம் உரித்தார்.

சாயங்காலம் அரங்கில், பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழைய அணித்தோழர் ஜில்வினாஸ்.

“என்னடா, பல்வலியா?”

“ம்ம்.”

கடைசிப் பகுதி வரை ரொட்டி தாங்கியது. அப்போது ஔஸ்தேயாவின் முழங்கை எதிரணிப் பெண்ணின் விலாவில் இறங்கியது. விசில். இப்போதெல்லாம் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் ஔஸ்தேயா நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினாள்.

ரொட்டி பறந்தது. “கையை எறக்குடி! நீ ஒண்ணுமே பண்ணல! எல்லாம் அந்தக் குருட்டுப்பய பண்ணினது!”

நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்வையாளர் வரிசைக்குக் கீழே வந்து நின்றார். “கத்துனது யாரு? தெரியற வரைக்கும் ஆட்டம் கிடையாது.”

வரிசை மொத்தமும் கூரையைப் பார்த்தது.

“பேசாம இரு,” என்று ஜில்வினாஸ் முணுமுணுத்தார். “நான்தான்னு சொல்லிடுறேன். எனக்குத்தான் பொண்ணு இல்லையே.”

ஔஸ்தேயா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ரிமந்தாஸ் சட்டையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டினார். எழ முயன்றார், முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினார், முழங்கை மடங்காமல். மேசையில் இருந்தவர் எழுதி முடிக்கும்வரை அதை இறக்கவில்லை.