ஒத்தையாள் வண்டி

அம்பத்தூர் ஜம்புலிங்கத்தின் கூண்டு வண்டியில் ஏற வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"இந்த வண்டியில உனக்குச் சொந்தம் யாராவது கீறாங்களா?"

இல்லை என்றால் ஏறலாம். உண்டு என்றால் இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முன்பெல்லாம் அவர் குடும்பம் குடும்பமாகத்தான் கோயில்களுக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். வழி முழுக்க, காற்று வரும் இடம் மாமியாருக்கா மருமகளுக்கா என்ற சண்டை நடக்கும். தனியாக வந்தவர் யாராவது இருந்தால் அவரை மூட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் சாமி பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு தடவை அப்படிக் காவல் இருந்தவள் பூக்காரி தாயம்மா. புருஷன் இல்லாதவள், துணைக்கு ஆளும் இல்லாதவள். திரும்பும்போது, "கோபுரம் நல்லா இருந்தது அண்ணாத்தே" என்றாள். அவள் கோபுரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்பது ஜம்புலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றோடு குடும்பங்களை நிறுத்தினார். வண்டி இனி ஒத்தையாட்களுக்கு மட்டும். நாலே பேர். வண்டியில் பேசியது வண்டியோடு. முதல் இடம் எப்போதும் தாயம்மாவுக்கு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரயிலில் பட்டாளத்துக்கு இடம் போகத்தான் மற்றவர்களுக்கு. அதனால் தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போகிற ஒத்தையாள் வண்டிக்கு நல்ல கிராக்கி. அந்த வருஷம் தாயம்மாவோடு, பூந்தமல்லிக் கோர்ட்டில் வழக்காளிகளை மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி உலகநாதன் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊர் வழக்கையெல்லாம் கேட்டுக் கேட்டு, தனக்கென்று ஒரு வழக்கு இல்லையே என்று ஏங்குகிறவர். மூன்றாவதாக ஏறியவள் கொரட்டூர் கன்னியம்மாள். முருங்கைக்காய் போல ஒல்லியானவள். மடியில் ஒரு வெல்ல உருண்டையைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். திருவள்ளூர்க் குளத்தில் வெல்லத்தைப் போட்டு வேண்டிக்கொண்டால், அது கரைவதுபோல் கஷ்டமும் கரையும் என்பது நம்பிக்கை. அவளுடைய கஷ்டம் கோவில்பதாகையில் இருந்தது.

நாலாவது ஆள் ஆவடியில், ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தாள். வண்டி நின்றதும் கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்த்த தலையை உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். நின்றிருந்தது கோவில்பதாகைக் கெங்கம்மாள், அவளுடைய சம்பந்தி.

இந்த இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. கன்னியம்மாளின் மகள் வடிவைக் கெங்கம்மாளின் மகனுக்குக் கட்டிக் கொடுத்த அன்று, சீர்வரிசையில் வந்த அதிரசத்தைக் கடித்த கெங்கம்மாள், பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "கொரட்டூர் ஏரி உடைஞ்சா மண்ணு கொட்ட வேணாம். இத்த அடுக்கினா போதும்" என்றுவிட்டாள். பந்தலே சிரித்தது. கன்னியம்மாள் சிரிக்கவில்லை.

இப்போது வடிவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும். பெற்றவள் நேரில் வந்து அழைத்தால் அனுப்புகிறேன் என்றாள் கெங்கம்மாள். அதிரசத்தைச் சொன்ன வாய் மன்னிப்புக் கேட்டால்தான் அந்த வாசலை மிதிப்பேன் என்றாள் கன்னியம்மாள். தை முடிந்தால் ஒன்பது முடிந்தது. பத்தில் அழைக்கும் வழக்கம் இல்லை. இருவருக்கும் நடுவில் வடிவு வயிற்றைச் சுமந்துகொண்டு நின்றாள்.

ஜம்புலிங்கம் தன் கேள்வியைக் கேட்டார். கெங்கம்மாள் வண்டிக்குள் பார்த்தாள். அவள் கையிலும் ஒரு வெல்ல முடிச்சு இருந்தது. வேறு வண்டி கிடைக்காது. நாளைக்கு அமாவாசை.

"இல்ல" என்றாள்.

"நீ இன்னாம்மா சொல்றே? இவங்களைத் தெரியுமா?"

"மூஞ்சியே பார்த்ததில்ல" என்றாள் கன்னியம்மாள்.

தாயம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

பட்டாபிராம் தாண்டும்போது எதிரே பட்டாள லாரிகள் வரிசையாக வந்தன. ஜம்புலிங்கம் வண்டியைச் சரிவில் இறக்கினார். இறக்கிய வேகத்தில் கெங்கம்மாள் சறுக்கிக்கொண்டு போய்க் கன்னியம்மாளின் மடியில் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் நல்ல கனம்.

"கோச்சிக்காத யம்மா. யாரு பெத்த பொண்ணோ" என்றாள் கெங்கம்மாள்.

"பரவால்ல. நீங்க யாரு ஊட்டு மாமியாரோ" என்றாள் கன்னியம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

லாரிகள் போன பிறகு உலகநாதன் தொண்டையைச் செருமினார். "வழி நீளமா கீது. நம்ம கோர்ட்டைக் கூட்டலாமா? ஆளுக்கு ஒரு வழக்கு. சம்பந்தப்பட்டவங்க யாரும் இங்க இல்ல, பயம் இல்லாம சொல்லலாம்." பிறகு கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி, வயல் கொக்குகள் எழுந்து பறக்கும்படி, "கன்னியம்மா... கன்னியம்மா... கன்னியம்மா..." என்று கூப்பிட்டார்.

"பக்கத்துலதானே குந்திகினு கீறேன்" என்றாள் கன்னியம்மாள். ஆனால் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்ததை, உரியவளின் முகத்துக்கு நேரே, உரியவளிடம் சொல்லாமல் சொல்லலாம். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

"எனக்கு ஒரு சம்பந்தி கீது" என்று ஆரம்பித்தாள்.

"ஆளு எப்படி?"

"பூசணிக்காய்க்குப் பொட்டு வச்ச மாதிரி. மாசமா கீற பொண்ணை அனுப்ப மாட்டேங்குது. நெஞ்சுல ஈரமே இல்ல."

உலகநாதன் கெங்கம்மாள் பக்கம் திரும்பினார். "பொது ஆளா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க யம்மா."

"எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது" என்றாள் கெங்கம்மாள், கூண்டின் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு. "ஆனா ஒரு பக்கத்தைக் கேட்டுகினு எப்படி சொல்றது? இவங்க போய் நேர்ல கூப்பிட்டாங்களா?"

"இன்னாத்துக்குப் போவணும்? என் அதிரசத்தை அத்தினி பேரு நடுவுல கல்லுன்னு சொன்னா."

"அதிரசத்தை நீங்க தின்னு பார்த்தீங்களா?"

கன்னியம்மாள் மடியிலிருந்த வெல்ல முடிச்சைத் திருகினாள்.

"சும்மா கேக்கறேன் யம்மா. யாரோ எவரோதானே நானு."

"கொஞ்சம் முறுகல்தான்" என்றாள் கன்னியம்மாள்.

"கொஞ்சமா?"

"பாகு ஒரு கொதி கூடிப்போச்சு. கல்யாண வேலையில யாரு பார்த்துகினு இருந்தா?"

கெங்கம்மாள் அவசரமாக வெளியே திரும்பி மாட்டின் வாலைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. தாயம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அடுத்து உலகநாதன் கெங்கம்மாளை மூன்று தடவை கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு சம்பந்தி கீது. முருங்கைக்காய்க்குப் புடவை சுத்தின மாதிரி ஆளு. அதுக்கு மூக்கு நுனியில கோவம்."

"இந்த வண்டியில எல்லார் சம்பந்தியும் காய்கறியாவே கீதே" என்றார் ஜம்புலிங்கம், மாட்டைத் தட்டிக்கொண்டு.

"மருமவளை ஏன் அனுப்பல?" என்று கேட்டார் உலகநாதன்.

கெங்கம்மாள் சம்பந்தியின் திமிரைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கேட்டுக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"அவ போயிட்டா ஊட்ல யாரு கீறாங்க? ஊட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாரு. புள்ள பட்டாள டிப்போ வேலைக்கு விடியறதுக்குள்ள போனா பொழுது சாஞ்சுதான் வரான். இவ வந்தப்புறம்தான் ஊட்ல பேச்சு சத்தமே கேக்குது. அடுப்பாண்ட குந்திகினு எதுனா சொல்லிகினே இருப்பா. கோழி இன்னா பண்ணிச்சு, பக்கத்து ஊட்டுக்காரி இன்னா சொன்னா... போனா பல மாசம் ஆவுமே. அதான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிகினே வந்தேன்."

"இத்த உங்க சம்பந்தியாண்ட சொன்னீங்களா?"

"சம்பந்தியாண்ட எவளாவது இத்த சொல்வாளா?"

சாமி பார்க்கப் போகிற வண்டியில் பொய் சொல்லி ஏறியது தவறு. அதை நான் சரியென்று எழுதமாட்டேன். ஆனால் சம்பந்திகளாக இருந்த ஒரு வருஷத்தில் சொல்லிக்கொள்ளாத உண்மையை, யாரோ எவரோவாக அரை நாள் உட்கார்ந்து இருவரும் சொல்லிவிட்டார்கள். பெருமாள் எந்த வாசல் வழியாக உள்ளே வருவார் என்று நமக்கு என்ன தெரியும்?

கன்னியம்மாள் அதன் பிறகு திருவள்ளூர் வரைக்கும் வழியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோழி கதை சொல்லும் அந்தக் குரல் போன பிறகு ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். கொரட்டூரில் அவள் வீடும் ஒரு வருஷமாக அப்படித்தான் இருந்தது.

அன்று சத்திரத்தில் தங்கினார்கள். அமாவாசைக் காலையில் குளத்துக்குப் புறப்படும்போது, கெங்கம்மாள் வண்டியில் மாட்டியிருந்த தன் வெல்ல முடிச்சைத் தேடினாள். ஈரத் துணி மட்டும் கீழே கிடந்தது. பக்கத்தில் ஜம்புலிங்கத்தின் இடப்பக்கத்து மாடு, பரம பக்தனைப்போல் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி. வேண்டுதலைத் தின்னுட்டியேடா" என்றார் ஜம்புலிங்கம்.

யுத்த காலம். குளக்கரைக் கடைகளில் வெல்லத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கெங்கம்மாள் படியில் வெறும் துணியோடு நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. "நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு வேண்டிகினேன். வெறுங்கையோட எப்படி?" என்றாள்.

கன்னியம்மாள் குனிந்தாள். தன் வெல்லத்தைப் படிக்கல்லில் ஓங்கித் தட்டி இரண்டாக்கினாள். பெரிய துண்டைக் கெங்கம்மாளின் கையில் வைத்தாள்.

"உன் வேண்டுதலுக்குக் குறையுமே யம்மா" என்றாள் கெங்கம்மாள்.

"இன்னா குறையும்? ரெண்டு பேரும் வேண்டிக்கறது ஒரே பொண்ணுக்குத்தானே?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. மேல்படியில் உலகநாதன் தலை துவட்டுவதை நிறுத்தினார்.

"ஒரே பொண்ணா?"

இரண்டு பேரும் வெல்லத்தைத் தண்ணீரில் விட்டார்கள். அது பழுப்பாகக் கலைந்து கரையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி திரும்பும்போது வழக்கு நடந்தது. "சட்டப்படி ரெண்டு பேரும் இறங்கி நடக்கணும்" என்றார் ஜம்புலிங்கம்.

"இருங்க அண்ணாத்தே, தீர்ப்பு என்னுது" என்றார் உலகநாதன். அவர் முகத்தில் வாழ்நாள் சந்தோஷம் தெரிந்தது. "பூசணிக்காய் பொண்ணை அனுப்பணும். முருங்கைக்காய் நேர்ல போய்க் கூப்பிடணும். வண்டி கோவில்பதாகை வழியா போவும். அப்பீல் கெடையாது."

பொழுது சாயும்போது வண்டி கெங்கம்மாளின் வாசலில் நின்றது. வடிவு கதவைத் திறந்தாள். அம்மாவையும் மாமியாரையும் ஒரே வண்டியில் பார்த்தவள் ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்குப் பின்னால், சுவரோரம், ஒரு துணி மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

கெங்கம்மாள் மூட்டையைப் பார்த்தாள். "ஏண்டி, அந்த வண்டியில போங்க அத்தைன்னு என்னைக் கிளப்பி விட்டது நீதானே?"

"எனக்கும் நீதானே தாயம்மாவாண்ட சொல்லி அனுப்பினே?" என்றாள் கன்னியம்மாள்.

"நானு பூ வாங்கினேன். அவ்ளோதான்" என்றாள் வடிவு. தாயம்மா கூடைக்குள் எதையோ தேடினாள்.

கன்னியம்மாள் வாசலை மிதித்தாள். முறைப்படி, "என் பொண்ணைக் கூப்பிட்டுகினு போவ வந்துகீறேன்" என்றாள்.

"நாளைக்குப் பாட்டிமை, நாள் நல்லா இல்ல. அடுத்த நாள் அனுப்பறேன். அதுவரைக்கும் நம்ம ஊட்லயே தங்கு" என்றாள் கெங்கம்மாள். பிறகு வீட்டுக்குள் ஒரு தரம் பார்த்தாள், அடுப்புப் பக்கமாக.

அந்தப் பார்வையைக் கன்னியம்மாள் கவனித்தாள். "நீயும் புறப்படு. பிரசவம் ஆவற வரைக்கும் அங்க இரு. மவன் கொரட்டூர்ல வந்து தின்னுட்டுப் போவட்டும்."

"சம்பந்தி ஊட்ல போய்த் தங்கறதா? ஊரு சிரிக்கும்."

"சம்பந்தியா யாரு கூப்பிட்டா? வண்டியில பழகினவளா வா. வந்தா ஏரியைக் காட்டறேன். கரை எங்கனா உடைஞ்சு கீதான்னு பார்த்துட்டு, அதிரசம் சுட்டு அடைச்சிடலாம்."

கெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் மாடு கழுத்து மணியை ஆட்டியது.

கொரட்டூரில் ஆண் குழந்தை பிறந்தது. திருவள்ளூர்ப் பெருமாளின் பெயரையே, வீரராகவன் என்று வைத்த அன்று உலகநாதன் அந்தப் பெயரை வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். தாயம்மா மாலை கட்டிவந்தாள். ஜம்புலிங்கம் மாட்டையும் ஓட்டிவந்து, அதற்கென்று ஒரு துண்டு வெல்லம் கேட்டு வாங்கினார்.

அடுத்த தை அமாவாசைக்கு முந்தின நாள் வண்டி ஆவடிப் புளியமரத்தடியில் நின்றது. உள்ளே அதே மூன்று பேர் இருந்தார்கள். ஜம்புலிங்கம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வண்டியில உனக்குச் சொந்தம் யாராவது கீறாங்களா?"

கெங்கம்மாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கன்னியம்மாள் ஏற்கெனவே நகர்ந்து, காற்று வரும் இடத்தைக் காலியாக வைத்திருந்தாள்.

"யாரும் இல்ல" என்றாள் கெங்கம்மாள்.

தாயம்மாவுக்கு இருமல் வந்தது.