முகோயா நிற்காத முற்றம்

இமை அசைந்தால் அடி. குலோபாவுக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து அவன் அப்பா முகோயா வைத்திருந்த சட்டம் அது. கம்பாலாவில் லாரி ஓட்டிய மனுஷன் விடுமுறைக்கு மலையேறி வரும்போதெல்லாம் மகனை முற்றத்தில் நிறுத்துவார். பிடரியில் ஒரு கழியை வைத்து இரு கைகளாலும் பிடிக்கச் சொல்லி, எரியும் தீக்குச்சியைக் கண்ணருகே கொண்டு வருவார். சிமிட்டினால் யூகலிப்டஸ் விளாறால் கெண்டைக்காலில் விழும்.

"கத்திக்கு முன்னால நீ அசைஞ்சா என் மானம் போச்சுடா. தொண்ணூத்தி நாலுல நான் நின்னேன் பாரு, மரம் மாதிரி நின்னேன்."

மசாபா மலையில் ஊர் பார்க்க நின்று, முன்தோலை வெட்டும் கத்திக்கு முகம் சுளிக்காதவன்தான் ஆண். பதினெட்டு வயதில், ஓர் ஆகஸ்ட் மாதம், குலோபா தொடையில் மணி கட்டிக்கொண்டு, சடங்குக்கு அழைக்க உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஆடிப் போனான்.

இரண்டாம் நாள் மேல்மலையில் அப்பாவின் தாய்மாமன் வெப்புகுலு வீட்டுக்குப் போனான். கிழவர் கேழ்வரகுக் கள் பானையில் நீளக் குழலைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு கோழியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயாவது நில்லுடா பேராண்டி. உன் அப்பன் இந்த வேலியைத் தாண்டித்தான் ஓடினான்."

"யாரு, எங்கப்பாவா?"

"வேற யாரு? கத்தியப் பாத்தான், மணியோட எடுத்தான் ஓட்டம். ஜல்ஜல்னு ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சு. எங்க வீட்டுல நின்னதா உங்க ஊர்ல சொல்லிட்டான். தங்கச்சி மகனாச்சேன்னு நானும் வாயத் திறக்கல." சொன்ன பிறகுதான் வாய் தவறியது கிழவருக்கு உறைத்தது.

அன்றிரவு குலோபா தூங்கவில்லை. வாங்கிய அடிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

மறுநாள் மதியம் சடங்குக்காக உடம்பெல்லாம் சதுப்புச் சேறு பூசி, பிடரியில் கழியோடு வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். ஊரே கூடியிருந்தது. கத்திக்காரர் தயாராக இருந்தார். பெரியப்பா கிடுடு சத்தம் போட்டார்: "முகோயா, வந்து மகனுக்குக் கூழப் பூசு!"

முகோயா சுரைக்குடுக்கையோடு வந்தார். புளித்த கூழை மகன் முகத்தில் பூசிக்கொண்டே காதருகே சொன்னார்: "அசைஞ்சே, நீ எனக்கு மகனே இல்ல."

அதைக் கேட்டதும் குலோபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க எங்க நின்னீங்கப்பா?" என்று கத்தினான். "எல்லாருக்கும் கேக்கட்டும், சொல்லுங்க! எந்த முற்றத்துல நின்னீங்க? வேலி தாண்டி ஓடினவரு என்னை எதுக்கு அடிச்சீங்க?"

முகோயா குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் நகர்ந்தார். அது போதுமாக இருந்தது கூட்டத்துக்கு.

"அடப்பாவி, இத்தன வருஷமா எங்களோட சரிசமமா உக்காந்து குடிச்சியேடா!" என்று அவர் வயதுக்காரன் மசோலோ பாய்ந்தான். "பிடிங்கடா! அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாள்ல முடிச்சிருவோம்!"

பத்துப் பேர் விழுந்து பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. இடுப்பு வாரை ஒருவன் உருவினான். "விடுங்கடா, விடுங்க" என்று முகோயா கீச்சுக்குரலில் கதறினார். வீட்டுக்குள் குலோபாவின் அம்மா நம்போசோ அலறினாள்.

நல்லா வேணும் என்று இருந்தது குலோபாவுக்கு. ஒரு கணம் இனித்தது. பிறகு அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தான். முழங்கால்கள் மடிந்து தொங்க அவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். குலோபா கழியைப் பிடரியிலிருந்து எடுத்து ஓங்கினான்.

"விடுங்க அவரை!"

"ஓடுகாலி மகனுக்கு ரோசத்தப் பாரு," என்றான் மசோலோ.

"கத்தியக் கொண்டாங்க, ஓடுறனா பாருங்க. நான் என் கால்ல நடந்து வந்து நிக்கிறேன். அவருக்கு மனசிருந்தா அவரே வரட்டும். இழுத்துட்டு வந்து வெட்டினா அதுக்குப் பேரு நிக்கிறதா? ஆட்ட அறுக்குறீங்களா? அவர் மேல இன்னொரு கை பட்டுச்சு, மணிய அவுத்து மூஞ்சில வீசிட்டுப் போயிருவேன்!"

கிடுடு குறுக்கே வந்தார். "விடுங்கடா. இன்னிக்கு இவன் நாளு."

பிடி தளர்ந்தது. குலோபா கழியைத் திரும்பப் பிடரியில் வைத்து நின்றான். வேலியோரம் கிழிந்த சட்டையோடு நின்ற அப்பாவை நேராகப் பார்த்தான். கத்தி இறங்கியது. அவன் இமைக்கவில்லை. முகோயாதான் தலையைத் திருப்பிக்கொண்டார். வெட்டி முடிந்ததென்று விசில் ஊதினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, மூங்கில் குருத்துக் குழம்பை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு முகோயா, புண் ஆறும்வரை குலோபா படுத்திருந்த குடிசை வாசலுக்கு வந்தார்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது. நின்னிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு அப்ப பதினேழு வயசுடா. பயந்துட்டேன்."

"எனக்குப் பன்னெண்டு வயசு. நானுந்தான் பயந்தேன். அதுக்கு எத்தன அடி அடிச்சீங்க, சொல்லுங்க?"

முகோயா தட்டை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை கம்பாலாவுக்கு வண்டியேறினார். இரண்டு வருஷம் கழித்து அடுத்த சடங்குக்கான ஆகஸ்ட்டும் வந்தது; அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். குலோபா அப்பாவின் பெயரைப் பார்த்ததும் காதில் வைக்காமலே அம்மாவிடம் நீட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.