பல் பிசினில் ஒரு விமானம்

பதுளை பசார் வீதியில் ‘ஹாஷிம் பல் கட்டுமிடம்’ என்று பலகை தொங்கியதே தவிர, அங்கே பல் கட்டியது ஹாஷிம் இல்லை. அவர் வாயைத் திறக்கச் சொல்வார், அச்செடுப்பார், வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார். பின்னறையில் மெழுகைச் செதுக்குவதும், அதைப் பித்தளைப் பெட்டிக்குள் சாந்தில் புதைத்து, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிசினை அடைத்து அவிப்பதும் அவர் மனைவி ஜெனீரா. ஒன்பது வருசமாக ஊரில் பாதிப் பேர் அவள் பல்லால்தான் இறைச்சி மென்றார்கள். ஒரே ஒரு ஆளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பெண் செய்த பல் என்று தெரிந்தால் கடிபடாது என்று சொல்லக்கூடிய ஊர் அது. ஹாஷிமும் பயந்த மனுசன். வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஜெனீராவுக்கோ விமானப் பைத்தியம். வானத்தில் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் முற்றத்துக்கு ஓடிவிடுவாள். அப்படிக் கருகின சோற்றை ஹாஷிம் எத்தனையோ நாள் முணுமுணுக்காமல் தின்றிருக்கிறார். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.

எழுபத்தைந்தாம் ஆண்டு நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு விமானத்தைச் சொந்தமாக யோசித்து, மாதிரி செய்துகொண்டு வரவேண்டும். கடையில் வாங்கிய துண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது. வாங்கத்தான் எங்கே இருந்தது? இறக்குமதி எல்லாம் பூட்டிக் கிடந்த காலம். முதல் பரிசு பணமில்லை, கோப்பையுமில்லை. தியத்தலாவையிலிருந்து சின்ன விமானத்தில் ஏற்றி மலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்களாம். ஜெனீரா நோட்டீசை இரண்டு தரம் வாசித்தாள்.

“நான் இதுல ஏறணும்,” என்றாள் ஹாஷிமிடம். “வேற ஒண்டும் ஒங்கக்கிட்ட கேக்க மாட்டேன்.”

ஹாஷிம் படிவத்தை நிரப்பினார். பெயர் என்ற இடத்தில் கை பழக்கத்துக்குத் தன் பெயரையே எழுதிவிட்டார். கடையை விட்டு வெளியே போகிற பல் எல்லாம் அவர் பெயரில்தானே போகும்! அவள் முறைத்தபோது, பெயரில் என்ன இருக்கு, ஜெயித்தால் நீயே ஏறு, எனக்கு எல்ல ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே தலை சுற்றுகிறது என்று சமாளித்தார். அவளும் அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக்கூடாது.

அவள் மனதிலிருந்த விமானத்துக்குப் பெயர் தும்பி. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் அளவு இடம் இருந்தால் போதும், அதில் இறங்கி, பிள்ளை பெற முடியாமல் கிடக்கிறவளையோ பாம்பு கடித்தவனையோ ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அதற்காக மேலே தூக்கிவைத்த இறக்கை, நீளக் கால், இரண்டு எஞ்சின். மரவேலைக்கு வீரசிங்கம் வந்தார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில், ஸ்டோர் என்கிற ஆலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சர். அவருடைய மேல்வரிசைப் பல் முழுக்க ஜெனீரா கட்டியது. கடையில் காத்திருந்தபோது பின்னறையை எட்டிப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள். உடைந்த பெட்டிப் பலகையைச் சீவி விலா எலும்பு மாதிரி சட்டம் கட்டினார். பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை நகத்தால் தேய்த்து இறக்கைக்குப் போர்த்தியபோது ஜெனீரா கைதட்டினாள்.

மூக்கு, எஞ்சின் மூடி, சக்கரம், காற்றாடி எல்லாம் பிசின் வேலை. பிசின் குழைக்கக் கடையில் இருந்தது பல் முரசுக்கு, அதாவது ஈறுக்குப் போடுகிற ரோஸ் நிறத் தூள் மட்டும். அதுவும் கடைசி டின். இருக்கட்டும், வாய்க்குள் இருக்கிற நிறம் வானத்தில் பறந்தால் என்ன குறைச்சல் என்று தொடங்கிவிட்டாள். ஆசை வெட்கமறியாது என்று சும்மாவா சொன்னார்கள்? முதல் நாள் அவசரத்தில் அடுப்பை ஓங்கி எரியவிட்டாள். பெட்டியைத் திறந்தால் மூக்கு முழுக்கக் குமிழி. மெல்ல அவித்தால்தான் பிசின் வெடிக்காமல் இறுகும். ஒன்பது வருசம் தெரிந்த பாடம் ஒரே நாளில் மறந்துபோனது. தன்னையே ஏசிக்கொண்டு மறுபடி செதுக்கினாள். இந்தத் தடவை சாந்தை உடைத்தபோது மூக்கு வழுவழுவென்று வந்தது. அவளுக்குச் சந்தோசத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் காற்றாடிகளைப் பூட்டினார்கள். வீரசிங்கம் ஊதிப் பார்த்தார். ஒன்று வலப்பக்கம் சுற்றியது. மற்றது இடப்பக்கம் சுற்றியது.

“தங்கச்சி, நம்ம ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற காத்தாடி எல்லாம் ஒரே பக்கமாத்தான் சுத்தும்,” என்றார் மெதுவாக.

ஜெனீரா தலையில் கை வைத்தாள். வலது கடைவாய்க்கு ஒரு பல் செதுக்கினால் இடது கடைவாய்க்கு அதைத் திருப்பிப் போட்ட மாதிரிதான் செதுக்குவாள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. கை அப்படியே பழகிவிட்டது. காற்றாடிக்கும் அதே வேலையைக் காட்டிவிட்டது பாழாய்ப்போன கை. திருத்தலாம் என்றால் டின்னைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு சிட்டிகைத் தூள் இல்லை.

மண்டபத்தில் பதினோரு விமானங்கள். வெள்ளி இறக்கையும் ரோஸ் மூக்குமாகத் தும்பி நின்ற மேசையைச் சுற்றித்தான் கூட்டம். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற விமானி. அரைகுறைத் தமிழ் பேசினார். தோட்டத்து நோயாளிகளுக்கான விமானம் என்று அட்டையில் வாசித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்: செய்தவர் தன் கைவேலையைப் பற்றிக் கேட்கிறதுக்குப் பதில் சொல்லவேண்டும், பதில் சொன்ன அந்த ஆள்தான் பறக்கலாம், வேறு யாரும் ஏற முடியாது. ஹாஷிமின் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண்கள் நின்ற ஓரத்தில் ஜெனீரா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

நடுவர் காற்றாடிகளை விரலால் தட்டினார். இரண்டும் எதிரெதிராகச் சுற்றின. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

ஹாஷிம் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் அவரிடம் பல் கட்டிய கடைக்காரர்கள், தோட்டத்துக் கிளாக்கர்மார், பள்ளிவாசல் நிர்வாகத்தார் எல்லாரும் நம்மாள்தானே என்று சிரித்துக்கொண்டு இருந்தார்கள். ஏதாவது ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருக்கலாம். திரும்பி ஜெனீராவைப் பார்த்தார். கருகின சோற்றை முணுமுணுக்காமல் தின்ற நாளில் இருந்த அதே முகம் அவருக்கு.

“எனக்குத் தெரியா, சேர். செஞ்சது என்ட பொஞ்சாதி. இது மட்டுமில்ல, என்ட கடையில கட்டின பல்லு அத்தனையும் செஞ்சது அவதான்.”

முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். அத்தனை கன்னங்களுக்குள்ளும் நாக்கு மெல்ல நகர்ந்து தன் தன் பல்லைத் தடவிப் பார்த்ததை ஜெனீரா கண்ணால் கண்டாள். கடைசி வரிசையிலிருந்து வீரசிங்கம், கரும்பே கடிக்கிறேன் என்று சத்தம் போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஜெனீரா முன்னால் வந்தாள். பொய் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. வலது பல்லையும் இடது பல்லையும் திருப்பிச் செதுக்கின கைப்பழக்கம், பிழைதான், திருத்தத் தூள் இருக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னாள்.

நடுவர் சிரித்தே விட்டார். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் எழும்பும்போது விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். அகலமான ஓடுபாதையில் சமாளிக்கலாம், பெரட்டுக்களத்தில் என்றால் நேரே ஓரத்துத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள்தான். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றது கொன்றுவிடும். பல் செதுக்குகிற கைக்குத் தெரிந்தது மற்றப் பத்துப் பேருக்கும் தெரியவில்லை, முதல் பரிசு தும்பிக்குத்தான் என்றார். பேனாவை எடுத்து, படிவத்தில் ஹாஷிம் என்றிருந்ததை வெட்டிவிட்டு, அவள் பெயரைக் கேட்டார். அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தியத்தலாவையில் அந்தச் சின்ன விமானம் உறுமிக்கொண்டு நின்றது. ஹாஷிம் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். வீரசிங்கம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயமா என்று அதை ஓட்டுகிற விமானி கேட்டார். ஜெனீராவின் பார்வை முன்னால் சுழன்ற ஒற்றைக் காற்றாடியில் இருந்தது.

“ஒண்டுதானே இரிக்கி. அப்ப இது ஒரு பக்கமா இழுக்குமே?”

இழுக்கும், காலால் மிதித்துப் பிடிக்கவேண்டும் என்றார் விமானி.

“நல்லா மிதிச்சுப் பிடிங்க,” என்றாள் ஜெனீரா. சக்கரம் மண்ணை விட்டது.