மடாலோ எடுத்து வைத்தது

சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஏறுகிறவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். அவன் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சலிமா ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டி போட்டிருந்த லாஸ்டனுக்கு இந்த வசதி ரொம்பவே தேவைப்பட்டது. அவன் மனைவி ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனாள். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது, அப்புறம் மாதத்துக்கு ஒன்று, அதற்கப்புறம் அந்த நம்பரே இல்லை என்று ஆகிவிட்டது.

வீட்டில் மகள் மடாலோ. ஒன்பது வயது. பேச்சு கிடையாது. காதில் கோளாறு எதுவும் இல்லை; தகரக் கூரையில் மழையின் முதல் சொட்டு விழுந்தால் தெருவிலேயே முதலில் தலையைத் தூக்குவது அவள்தான். ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எந்தக் காரணமானாலும் சுற்றிச் சுற்றி பெற்றவர்கள் தலையில்தான் வந்து விடிந்தது.

போன வருஷம் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்தாள். பிடிவாதம் என்று நினைத்து லாஸ்டன் அதட்டினான். காதிலிருந்து சீழ் வழிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அவன் யோசித்தது ஒன்றுதான். இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று இவள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவையாவது எதையாவது யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லாமலே வளர்ந்துவிட்டால், அவனுக்குப் பிறகு அவள் கதி என்ன?

ஆரம்பப் பள்ளியின் கடைக்கோடியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு அறை இருந்தது. மற்ற ஆசிரியர்கள் அதைப் பைத்தியக்கார ரூம் என்பார்கள், ஏதோ தாங்கள் பெரிய தெளிவில் இருப்பதுபோல. அங்கே மேடம் ஜெரே. வடக்கே முசிம்பாவிலிருந்து மாற்றலாகி வந்தவள், அவளோடு சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கக்கூட ஆள் கிடையாது. லாஸ்டனை உட்காரவைத்து அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். பாதி நாள் பிள்ளை என்னிடம், மீதி நாள் உங்களிடம். இங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாது, அங்கே நடப்பது எனக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற பிள்ளை வாயைத் திறப்பதில்லை. அதனால் ஒரு துணிப்பை போகட்டும் வரட்டும். அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஒரு பொருள் அதில் இருக்கட்டும்.

எழுதி அனுப்பலாமே என்று லாஸ்டன் கேட்டான், தனக்கு எழுத்து தகராறு என்பதை மறைத்துக்கொண்டு.

"எழுதினா நமக்குப் புரியும், மடாலோ அப்பா. அவளுக்கு?"

அப்படி ஆரம்பித்தது. பையில் சாக்பீஸ் துண்டு வரும், கோழி இறகு வரும், கந்தல் பந்திலிருந்து பிய்ந்த சிவப்புத் துணி வரும். லாஸ்டன் அதை மகள் முன்னால் நீட்டி, இன்றைக்குப் பந்து விளையாடினாயா என்று கேட்பான். அவள் திரும்ப மாட்டாள். காலையில் அவன் ஒன்று வைப்பான். மீன் சமைத்தால் மீன் முள், கரண்ட் போனால் மெழுகுத் துண்டு.

ஸ்டாண்டில் இது தெரிந்துவிட்டது. தெரிந்தால் சும்மா விடுவார்களா? அவனோடு வண்டி ஓட்டும் ஃபாக்சன்தான் இதற்குத் தலைவன்.

"ஊர்ல அவனவன் பொம்பளைக்கு சோப்பு வாங்கித் தருவான், துணி எடுத்துத் தருவான். நம்ம ஆளு டீச்சரம்மாவுக்கு மீன் முள்ளு தர்றான். கல்யாணத்துக்கு மாட்டுத்தலையே போகும் போலிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், லாஸ்டனும் சிரித்தான். ஆனால் உள்ளபடி சொன்னால், ஒரு நாள் முழுக்க அவனோடு யாராவது பேசினார்கள் என்றால் அது அந்தப் பைதான். வண்டியை மிதிக்கும்போதெல்லாம் நாளைக்கு என்ன வைக்கலாம் என்பதே யோசனை. ஒரு தடவை காரணமே இல்லாமல் ஒரு வண்ணத்துப்பூச்சிச் சிறகை வைத்து அனுப்பினான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பை காலியாக வந்தது. மறுநாளும் அப்படியே. அந்தச் சிறகைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாளோ என்று லாஸ்டனுக்குத் தூக்கம் போயிற்று. நேரே போய்க் கேட்டான்.

வேண்டுமென்றேதான் நிறுத்தினேன் என்றாள் மேடம் ஜெரே. நாம் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்கிறோம், அவள் வெறும் தபால்காரி மாதிரி பையைச் சுமக்கிறாள். இனி நீங்களும் வைக்காதீர்கள். இத்தனை நாள் பார்த்தவள், அவளே ஒன்றை எடுத்து வைக்கட்டும். எதை வைத்தாலும் அன்றைக்கே நாம் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், சொல்லிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிடுவாள்.

"வைக்கவே இல்லன்னா?"

"எனக்குத் தெரிஞ்ச கடைசி வழி இதுதான்" என்றாள் மேடம் ஜெரே.

ஒரு பேச்சுத்துணை பறிபோன மாதிரி அவன் வீடு திரும்பினான். மேடம் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதால் வலிக்காமல் போய்விடுமா?

பை காலியாகவே போய் வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி வந்தது. வயல் கண்ணைப் பறிக்கும் பச்சையாக நிற்கும், வயிறு மட்டும் காயும். சோளக் கதிர் முற்ற இன்னும் நாள் இருக்கிறது, கடை மாவின் விலையோ கிட்டே போக முடியவில்லை. இப்படிப்பட்ட காலத்தில் சைக்கிளில் ஏற யார் வருவார்கள், எல்லாரும் நடந்தார்கள். அந்தத் தெருவில் சமைக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் சாயங்காலம் அடுப்பு மூட்டிவிடுவார்கள், புகை வராவிட்டால் மானம் போய்விடும். லாஸ்டனும் மூட்டினான். இருக்கிற மாவில் ஒரு பிடி ந்சீமாக் களி கிளறி மகள் தட்டில் போடுவான். அதிலும் ஒரு சங்கடம். எதிரே அவன் தட்டும் இல்லாவிட்டால் அவள் கை வைக்க மாட்டாள். எல்லாம் எப்போதும்போல இருக்க வேண்டும். ஆகவே காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் விரலை உருட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய், மென்று விழுங்குவான். சின்னப் பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடுவார்களே, அந்த மாதிரி. அவள் எங்கே பார்க்கப்போகிறாள் என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே ஆறுதல்.

ஒரு நாள் மதியம் மகளைக் கூட்டிவரப் போனான். மேடம் ஜெரே வாசலிலேயே நின்றாள். கையில் அவனுடைய தட்டு, விளிம்பு உதிர்ந்த பச்சை எனாமல் தட்டு.

"இது பையில இருந்துச்சு. நீங்க வெச்சீங்களா?"

"இல்லையே மேடம்."

"அவ தட்டா?"

"அவளோடது நீலம். இது என்னோடது."

"ரெண்டும் எங்க இருந்துச்சு?"

வாசலில் பாத்திரம் காயவைக்கிற பரணில் என்றான், அவளுடையது மேலே, தன்னுடையது அடியில். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மேல் தட்டைத் தூக்கி, அடித் தட்டை உருவி, மறுபடி மேல் தட்டை அதன் இடத்தில் வைத்திருக்கிறாள். காலையில் பையைத் திறந்து பார்க்கவே தோன்றாமல் அவன் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

மேடம் ஜெரேயின் குரல் தாழ்ந்தது. "மடாலோ அப்பா, யோசிச்சு சொல்லுங்க. கைக்குக் கிடைச்சதை சும்மா எடுத்துப் போட்டாளா, இல்ல இதுல ஏதாவது சொல்றாளா? உங்க வீட்ல நடக்கிறது எனக்குத் தெரியாது. நீங்க சும்மான்னா சும்மாதான். நாளைக்கு மறுபடி காத்திருப்போம்."

சும்மாதான் மேடம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டால் மானத்தோடு வீட்டுக்குப் போகலாம். படித்த பெண், தன்னைவிட வயதில் சின்னவள், அவள் முன்னால் போய் நான் பட்டினி என்று எந்த ஆம்பளை சொல்வான்? அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. உள்ளே மடாலோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். இவன் சும்மா என்றால், பிறந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் பேச்சு அதோடு சும்மாவாகிவிடும். அவள் சொன்னது நிஜம் என்று சாட்சி சொல்ல உலகத்தில் இவனைத் தவிர ஆளில்லை.

"சும்மா இல்ல மேடம்" என்றான். "நான் சாப்பிடறதில்ல. ரொம்ப நாளா. அவ முன்னாடி சாப்பிடற மாதிரி நடிக்கிறேன். அதத்தான் சொல்றா. சரியாத்தான் சொல்றா."

மேடம் ஜெரே ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம். மடாலோவிடம் போய்க் குனிந்து தட்டைக் காட்டினாள்.

"அப்பா தட்டு. அப்பா சாப்பிடல. நீ சொன்ன, நாங்க கேட்டுக்கிட்டோம்."

பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சி பானையின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வழித்துத் தட்டில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"வேணாம் மேடம். பிள்ளைங்க சாப்பாடு அது."

"உங்களுக்காக இல்ல. அன்னைக்கே பதில் சொல்லணும்னு பேசியிருக்கோம். உட்காருங்க."

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு அது. முழங்கால் நெஞ்சில் இடிக்க லாஸ்டன் உட்கார்ந்தான். அறையிலிருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. வராந்தாவில் போன ஆசிரியர் ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. விரலால் ஆறின கஞ்சியை வழித்து வாயில் வைத்தான்.

மடாலோவின் ஆட்டம் நின்றது. மெதுவாகத் திரும்பினாள். அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். விழுங்கியபோது தொண்டை அசைவதைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் வெறும் கையை அவன் வாய்க்குக் கொண்டுபோனபோது, எதிரே ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சொல்ல வழி தெரியாமல், அத்தனை நாளும் அதைத் தன்னந்தனியாக மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கணக்குக்கு இது போதும் என்று தட்டைக் கீழே வைக்கப் பார்த்தான். மடாலோ சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலில் நின்ற ஆசிரியரும் நகரவில்லை. லாஸ்டன் தட்டை மறுபடி மடிக்கு இழுத்து, அது காலியாகிற வரைக்கும் அவள் பார்க்கச் சாப்பிட்டான்.