வலை இல்லாத பை

வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்குக் கொத்தனார் தரவேண்டிய பாக்கி நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். விடிந்தால் வெளிநாட்டுக்கு விமானம். பெட்டிக்குள் அடுக்க, மேலே வலை வைத்த ஜிப் பைகளாகப் பார்த்து வாங்கியிருந்தாள் மனைவி. எதில் சட்டை, எதில் துண்டு என்று திறக்காமலே தெரியும். அவள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஏஜெண்டு வந்து இன்னொரு பையை நீட்டினார். அதில் வலை இல்லை. ஜிப்பின் மேல் நூல் போட்டுத் தைத்திருந்தது.

“துணிதான். அங்க நம்ம ஆளு வந்து வாங்கிப்பாரு.”

“துணியா? செங்கல்லாட்டம் கனக்குதேண்ணே!” என்றாள் மனைவி.

“உம்புருஷன் தூக்காத செங்கல்லாம்மா?” ஏஜெண்டு சிரித்தார். “கொண்டுபோனா பாக்கி இல்ல. இல்லாட்டி டிக்கெட்டும் இல்ல.”

“வேணாங்க,” என்று மனைவி முணுமுணுத்தாள்.

கொத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைகள் இருந்த பையை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைத் திணித்தார். பெட்டி பூட்டியதும் ஏஜெண்டு கடன் பத்திரத்தைக் கிழித்து, துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.